பக்கம் 36

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. இன்று காலை மெயில் பார்த்தீர்கள் இல்லையா? திறந்து படித்ததை விடுங்கள். திறக்காமலேயே அழித்தது எத்தனை? அதையெல்லாம் யார் யார் அனுப்பியிருந்தார்கள்?

ஞாபகம் இல்லை. சரிதானே? எனக்கும் இருப்பதில்லை. பல் தேய்க்கிற மாதிரி தினசரி காரியமாகிவிட்டது அது. கட்டைவிரலால் ஒரு தள்ளு, போயே போச்சு.

அப்படி நான் தள்ளிவிட்ட ஒரு மெயிலைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான்.

சித்திரை மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் விக்கிரமங்கலம். அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, சிமென்ட் லாரிகளுக்கு நடுவே புழுதி தின்றுகொண்டு பஸ்ஸில் போக வேண்டும். எங்கள் அக்கா கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை. ஆனால் கடித உறையில் எழுதும் மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் திருச்சி. 1995ல் பெரம்பலூர். 2001ல் அரியலூர். 2002ல் மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பரில் திரும்பவும் அரியலூர். "நான் புகுந்த வீடு ஒண்ணுதான்டா, மாவட்டம்தான் நாலஞ்சு" என்பாள் அக்கா.

அக்கா மகன் என்னை மாதிரியே பி.காம். சென்னையில் ஒரு கம்பெனியில் நான்கு வருஷம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். அத்தானுக்கு உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. செந்துறை, ஆண்டிமடம் பக்கம் போய் முந்திரிக்கொட்டை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பருப்பெடுத்து விற்க ஆரம்பித்திருக்கிறான்.

கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். எட்டுப் பெண்கள் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் கை வெந்துவிடும். அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைக்கிறார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் இருக்கிறது. ஓட்டை நீக்கி, பருப்பைக் காயவைத்து, மேல்தோலை உரித்து, பிறகு தரம் பிரிக்க வேண்டும். 240 என்றால் ஒரு பவுண்டு எடையில் 220லிருந்து 240 முழுப் பருப்பு. 320 என்றால் 300லிருந்து 320. எண்ணிக்கை கூடக்கூடப் பருப்பு சின்னது, விலையும் குறைச்சல். உடைந்தது தனி, இரண்டாகப் பிளந்தது தனி, பொடித்துண்டு தனி.

சரக்கு நன்றாகத்தான் இருந்தது. வாயில் போட்டால் வெண்ணெய். மூட்டைதான் மூலையில் அப்படியே இருந்தது.

"என்ன மாப்ள, ஓட்டம் இல்லையா?"

"உள்ளூர் வியாபாரி கேக்குற விலைக்குக் குடுத்தா கூலிக்கே கட்டாது மாமா. அதான் சென்னை ஸ்வீட் கடை, பேக்கரி, ஹோட்டல்னு நேரடியா மெயில் போட்டுப் பாக்கறேன். 214 மெயில் அனுப்பியாச்சு."

"பதில்?"

"மூணு வந்துச்சு. ரெண்டு, 'இந்த முகவரியே இல்லை'ன்னு கம்ப்யூட்டரே திருப்பி அனுப்புனது. இன்னொண்ணு, 'நான் பத்து நாள் லீவில் இருக்கிறேன்'னு ஒருத்தரோட தானியங்கி பதில்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை. உள்ளே அக்கா காபி ஆற்றுகிற சத்தம் திடீரென்று நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"செல்லைக் குடு, பாக்கலாம்" என்று வாங்கி, அனுப்பிய மெயில்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று பார்ப்பதற்கு முன், சப்ஜெக்ட் வரிகளைப் படித்தேன். 'கிரீட்டிங்ஸ்!!!'. 'பிசினஸ் ப்ரபோசல்'. 'எ கோல்டன் ஆப்பர்ச்சூனிட்டி'. 'அர்ஜென்ட்'. பத்திருபது மெயிலில் சப்ஜெக்ட்டே இல்லை. இன்னும் சிலவற்றில் முன்னால் ஒரு 'ரீ:' போட்டிருந்தான். ஏற்கெனவே எழுதியதற்குப் பதில் என்று எதிராளி ஏமாந்து திறப்பாராம். யூடியூபில் யாரோ புண்ணியவான் சொல்லிக்கொடுத்தது.

தள்ளிக்கொண்டே போன கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

என் முகவரி. பத்திரிகையில் வாசகர்களுக்காகக் கொடுத்திருக்கும் முகவரி. தை மாதம் அனுப்பியிருக்கிறான். சப்ஜெக்ட்: 'கிரீட்டிங்ஸ்!!!'

அவன் பெயரில் இல்லை, புதிதாக ஆரம்பித்த கம்பெனி பெயரில் இருந்து வந்த மெயில். நான் அதைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்று ஆச்சரியக்குறி போட்ட வாழ்த்தை எந்தப் பத்திரிகைக்காரன் திறப்பான்?

"எனக்குப் போன் பண்ணியிருக்கலாமேடா."

"பண்ணியிருக்கலாம் மாமா. சொந்தக்காரன்னு படிக்கக் கூடாது, விஷயத்துக்காகப் படிக்கணும்னு நெனச்சேன். கொட்டகையில வேலை செய்யிற இவங்களப் பத்தித்தான் எழுதியிருந்தேன். சரி, உங்களுக்கு வேலை அதிகம்..."

அக்கா காபியைக் கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அவ்வளவு கசப்பான காபியை நான் குடித்ததில்லை.

அன்றிரவு திண்ணையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு மனுஷன் உழைத்த உழைப்பு, அந்த எட்டுப் பெண்களின் கறுத்த விரல்கள், எல்லாம் ஒரு வரியில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த ஒரு வரியை யார் கண்டுபிடித்தது?

இதற்கு ஒரு சுவாரஸ்யமான பதில் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு மெயில் போக ஆரம்பித்தது 1971ல். ரே டாம்லின்சன் என்கிற அமெரிக்கர் செய்தது. ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதி அனுப்பியதில் குழப்பம். 1973 செப்டம்பரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். மெயிலின் தலையில் யார் அனுப்பியது, என்ன விஷயம், என்ன தேதி என்று தனித்தனி வரி இருக்கட்டும் என்றார்கள். நால்வரில் ஒருவர் டாம்லின்சன். குறிப்பில் முதலில் இருக்கும் பெயர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் பேட்ச் மாணவர். ஆக, உலகம் முழுக்க இன்று நிரப்புகிற அந்தக் கட்டத்தில் நம் ஊர்க்காரர் கையெழுத்தும் இருக்கிறது.

ஐந்தே வருஷம். 1978 மே மாதம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை ஆள், தங்கள் புது மெஷினைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். கேட்காமலே வந்து விழுந்த முதல் விளம்பர மெயில் என்று அதைத்தான் சொல்கிறார்கள். வாங்கியவர்களில் பலருக்குக் கோபம். கட்டைவிரலால் தள்ளுகிற பழக்கத்துக்கு விதை அன்று விழுந்தது.

ஆனால் பாருங்கள், இந்த 'சப்ஜெக்ட்' நமக்குப் புதுசே இல்லை. ஐந்தாம் வகுப்பிலேயே லீவ் லெட்டரோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள். அந்தப் 'பொருள்' என்ற சொல்லைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். விஷயம் என்றும் பொருள். அர்த்தம் என்றும் பொருள். சரக்கு என்றும் பொருள். பணம் என்றும் பொருள். விற்கப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை எந்த பாஷையில் கிடைக்கும்?

2004ல் நான் பெரம்பலூரில் நிருபர். திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் மனு எழுதிக்கொடுப்பார். ஒருநாள் ஒரு அம்மா வந்து அவர் முன்னால் உட்கார்ந்து அழுகிறார். புருஷன் செத்தது, கொழுந்தன் அடித்தது, மகள் படிப்பு நின்றது, ஆடு திருடு போனது என்று எல்லாம் சொல்கிறார். பெரியவர் குறுக்கே பேசவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே கேள்வி: "இதுல இன்னிக்கு அய்யாகிட்ட உனக்கு என்னம்மா வேணும்?"

அந்த அம்மா யோசித்துவிட்டு, "விதவைப் பணம்யா. எழுதிக் குடுத்து 14 மாசமாச்சு" என்றார்.

பெரியவர் எழுதினார். பொருள்: விதவை உதவித்தொகை விண்ணப்பம் 14 மாதமாக நிலுவை, ஆணை வழங்கக் கோருதல் தொடர்பாக.

நான் கேட்டேன், மற்றதையெல்லாம் விட்டுவிட்டீர்களே என்று. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, கலெக்டர் பேனாவைத் தூக்கும்போது அவர் கண்ணு 'பொருள்'ல இருக்கும். எந்த செக்‌ஷனுக்கு அனுப்பணும்னு அங்கயே தெரியணும். கண்ணீரைப் பொருள்ல எழுதுனா, அனுப்ப செக்‌ஷன் கிடையாது. அதை உள்ள எழுதுவேன். பொருளை எப்பவும் கடைசியிலதான் எழுதுறது. முழுசாக் கேட்டாத்தானே என்ன வேணும்னு தெரியும்?"

நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் சப்ஜெக்ட்டில் எதையோ தட்டிவிட்டு, அப்புறம்தான் என்ன எழுதுவது என்று யோசிக்கிறோம்.

பி.காம். படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். ஜர்னல் என்ட்ரி போட்டுவிட்டு, கீழே 'பீயிங்...' என்று ஆரம்பித்து ஒரு வரி விளக்கம் எழுதுவோம். தொகை, பற்று, வரவு எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஒரு வரி இல்லை என்றால் எங்கள் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். "பத்து வருஷம் கழிச்சு நோட்டைத் திறக்கிறவனுக்கு நீ பக்கத்துல இருந்து சொல்லவா போறே?" என்பார். சப்ஜெக்ட் வரியும் அதே ஜாதிதான். பக்கத்தில் நாம் இல்லாதபோது நமக்காகப் பேசுகிற வரி.

சரி, அப்படியென்றால் எல்லோரும் ஏன் 'முன்னணி நிறுவனத்தின் இனிய வணக்கங்கள்' என்று ஆரம்பிக்கிறார்கள்?

விக்கிரமங்கலத்திலிருந்து கிழக்கே ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் சொல்வார்கள். ஆரம்பத்தில் மெய்க்கீர்த்தி. ராஜா எந்தெந்த நாட்டை ஜெயித்தார், யார் யாரை ஓடவிட்டார் என்று நீண்டுகொண்டே போகும். அதெல்லாம் முடிந்து கடைசியில்தான் விஷயம் வரும்: இன்னார் இந்தக் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடு கொடுத்தார்.

ராஜேந்திர சோழனுக்கு அது சரி. கல்லில் வெட்டியது, யாரும் கட்டைவிரலால் தள்ள முடியாது. கங்கை வரைக்கும் படை அனுப்பியவர் வேறு. நேற்று கொட்டகை போட்ட நம் மாப்ளை, முதல் வரியிலேயே மெய்க்கீர்த்தி பாடினால், ஆட்டுக் கணக்கு வரும்வரை எவன் காத்திருப்பான்?

இப்படி நினைத்துக்கொண்டே படுத்திருந்தபோதுதான் ராமானுஜன் ஞாபகம் வந்தார். காரணம் இருக்கிறது. விக்கிரமங்கலத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம் பக்கம். அவர் வளர்ந்த ஊர். அறிமுகமே இல்லாத ஒரு பெரிய மனிதருக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன கடிதங்களில் உலகப் புகழ்பெற்றது அவர் எழுதியதுதான்.

1913 ஜனவரி 16. ராமானுஜன் அப்போது சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. மாதம் 30 ரூபாய் சம்பளம். காலேஜில் பாஸாகாதவர். கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதுகிறார். அதற்கு முன்பே இங்கிலாந்தின் வேறு கணித மேதைகளுக்கு எழுதி, ஒன்றும் நடக்கவில்லை. நம் ஆள் 214 என்றால் அவருக்கும் சில தோல்விகள் உண்டு.

அந்தக் காலக் கடிதம், 'பொருள்' என்று தனி வரி கிடையாது. ஆனால் ஆரம்பப் பத்திகளில் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். முதலில், தான் யார் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார்: இன்ன ஆபீஸ் குமாஸ்தா, இவ்வளவு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கவில்லை. மெய்க்கீர்த்தி இல்லை. அடுத்து நேராக விஷயம்: நீங்கள் எழுதிய 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி' நூலைப் பார்த்தேன். 36ஆம் பக்கத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று சொல்லத் துல்லியமான சூத்திரம் இன்னும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைக்கு மிக அருகில் வரும் ஒன்றை நான் கண்டிருக்கிறேன். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். கடைசியில் சின்ன வேண்டுகோள்: நான் ஏழை, இவற்றில் மதிப்புள்ளது இருப்பதாகத் தோன்றினால் அச்சில் வர விரும்புகிறேன், யோசனை சொல்லுங்கள்.

கவனித்தீர்களா? பக்கம் 36! 'உங்கள் மேதைமையை வணங்குகிறேன்' என்று எழுதவில்லை. உங்கள் புத்தகத்தை நான் படித்திருக்கிறேன், உங்களிடம் இல்லாத ஒன்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது என்னிடம் இருக்கிறது. இவ்வளவுதான்.

ஹார்டி முதலில் ஏமாற்று வேலையோ என்றுதான் சந்தேகப்பட்டார். அன்று ராத்திரியே நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தத் தாள்களை அலசியதும் இது அசல் என்று புரிந்துவிட்டது. பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதினார். அடுத்த வருஷம் மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தப் பகா எண் விஷயத்தில் ராமானுஜன் நினைத்த அளவுக்கு அவர் சூத்திரம் துல்லியமாக இல்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை, நம்பியதைச் சொன்னார். உள்ளே மற்ற தாள்களில் தங்கம் இருந்தது. கதவைத் திறக்க வைத்தது பக்கம் 36. நாற்காலி போட்டு உட்கார வைத்தது உள்ளே இருந்த சரக்கு. சரக்கில்லாமல் 'ரீ:' போட்டு ஏமாற்றித் திறக்க வைக்கலாம். திறந்தவன் ஏமாந்தேன் என்று உணர்ந்த நிமிஷமே உங்கள் பெயரைக் கறுப்புப் பட்டியலில் எழுதிவிடுவான். அமெரிக்காவில் 2003லேயே, விளம்பர மெயிலில் பொய்யான சப்ஜெக்ட் போடக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

விடிந்ததும் மாப்ளையைத் திண்ணைக்குக் கூப்பிட்டேன்.

"சென்னையில ஒரு ஸ்வீட் கடைக்காரருக்கு எழுதறேன்னு வெச்சுக்க. சப்ஜெக்ட் சொல்லு."

"தரமான முந்திரி, குறைந்த விலை."

"தரமில்லாத முந்திரி, கூடுதல் விலைன்னு எவனாவது எழுதுவானா?"

தலையைச் சொறிந்தான். "பெரம்பலூர், அரியலூர் மாவட்ட முந்திரி, நேரடி கொள்முதல்?"

"இது உன்னைப் பத்தினது. அவரைப் பத்தி என்ன தெரியும் உனக்கு? முந்திரிய வெச்சு அவர் என்ன பண்றாரு?"

"காஜு கத்லிதான் மாமா நெறைய ஓடும். நானே தீபாவளிக்கு அங்கதான் வாங்குவேன்."

"அதுக்கு 240 முழுப் பருப்பு வேணுமா?"

சிரித்தான். "எதுக்கு மாமா? அரைக்கத்தானே போறாங்க. உடைஞ்ச பருப்பே போதும், கிலோவுக்கு எவ்வளவோ மிச்சம். ஈரம் இல்லாம, தோல் ஒட்டாம, சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான். மேல வெச்சு அழகு பண்றதுக்கு மட்டும் முழுசு."

"இதை அவருக்கு எழுதினியா?"

பதில் இல்லை. வெளியே பால்காரரின் மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இதான்டா உன்னோட பக்கம் 36" என்றேன். ராமானுஜன் கதையைச் சொன்னேன். கண் விரியக் கேட்டான்.

அரை மணி நேரம் அடித்து அடித்துத் திருத்தி, கடைசியில் அவனே எழுதியது: 'காஜு கத்லிக்கு உடைத்த முந்திரி: அரை கிலோ சாம்பிள் அனுப்பட்டுமா?' தமிழிலேயே வைத்தோம். ஒரு காலத்தில் தமிழில் சப்ஜெக்ட் எழுதினால் எதிர்முனையில் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் போய் விழும். இப்போது அந்தப் பயம் இல்லை. ஆங்கிலத்தில் வந்து குவியும் 'ஆஃபர்'களுக்கு நடுவே தமிழ் வரி ஒன்று தனியாகத் தெரியும்.

ஹோட்டலுக்கு அந்த வரி ஆகாது. அங்கே பொங்கலுக்கும் பிரியாணிக்கும் பிளந்த பருப்பு. பேக்கரிக்குப் பொடித்துண்டு. ஆளுக்கொரு வரி எழுத வேண்டியிருந்தது. 214 பேருக்கு அப்படி எழுத முடியாது என்றான். யார் எழுதச் சொன்னது? பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தோம். பழைய 'ரீ:' கூட்டத்தில் இருந்த யாரையும் சேர்க்கவில்லை; கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டோம்.

நீங்கள் முந்திரி விற்கப் போவதில்லை. வேலை கேட்டு எழுதலாம். பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கேட்டு எழுதலாம். ஒரு டாக்டரிடம் யோசனை கேட்டு எழுதலாம். தெரியாத கதவைத் தட்டுகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மெயிலை முழுதாக எழுதிவிட்டு, மரத்தடிப் பெரியவரின் கேள்வியை உங்களையே கேளுங்கள்: இன்றைக்கு இவரிடம் எனக்கு என்ன வேண்டும்? பதில்தான் சப்ஜெக்ட். 'வேலை வேண்டி' என்றால் ஆயிரத்தில் ஒன்று. 'டேலி, ஜி.எஸ்.டி. தெரிந்த பி.காம்., அரியலூர் கிளைப் பணிக்கு' என்றால் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று அந்த வரியே வழி சொல்கிறது.

முக்கியமான சொல்லை முன்னால் வையுங்கள். செல்போன் திரையில் முதல் நாலைந்து சொற்கள்தான் தெரிகின்றன. மிச்சத்தைப் புள்ளி வைத்து விழுங்கிவிடும். நம் அப்பாக்களுக்கு இந்த வித்தை தெரியும். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. 'அம்மா சீரியஸ் உடனே வா' என்பதில் எதை வெட்டுவீர்கள்? 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடியதோடு அந்தச் சிக்கனமும் போய்விட்டது. சப்ஜெக்ட் வரிக்குக் காசில்லை என்பதால் வளவளக்கிறோம். அதற்குரிய காசைப் படிக்கிறவர்தான் தன் நேரத்தில் கட்டுகிறார்.

சின்னதாகக் கேளுங்கள். 'உங்களோடு தொழில் செய்ய விரும்புகிறேன்' என்றால் கல்யாணத்துக்குக் கேட்கிற மாதிரி. 'சாம்பிள் அனுப்பட்டுமா' என்றால் ஒரு வாய் காபிக்குக் கேட்கிற மாதிரி. காபிக்குச் சரி என்று சொல்வது சுலபம். வேண்டாம் என்று சொல்வதும் சுலபம். அதுவும் முக்கியம். எதிராளி சங்கடமில்லாமல் மறுக்க வழி விடுவதும் மரியாதைதான்.

பதினோரு மெயிலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரே வாரத்தில் லட்சாதிபதி ஆகிவிட்டான் என்று எழுத ஆசைதான். இல்லை. மூன்று வாரத்தில் நான்கு பதில். ஒருவர், 'பல வருஷமாக ஒரே இடத்தில் வாங்குகிறோம், மாற்றுவதாக இல்லை, விசாரித்ததற்கு நன்றி' என்று எழுதியிருந்தார். மாப்ளை அதை எனக்கு அனுப்பி, 'மாமா, மொத மொதல்ல ஒரு மனுஷன் எனக்கு நோ சொல்லியிருக்கார்' என்று சந்தோஷப்பட்டான். இன்னொருவர் அடுத்த சீசனுக்கு விலை கேட்டார். இரண்டு பேர் சாம்பிள் கேட்டார்கள். அதில் ஒரு கடை முதல் ஆர்டராக 25 கிலோ உடைத்த பருப்பு வாங்கியது. மூலையில் இருந்த மூட்டை கொஞ்சம் அசைந்தது. இவ்வளவுதான் இதுவரை.

என் பக்கம் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. தை மாதத்து அந்த மெயிலைத் தேடிப் பார்த்தேன். என் மெயிலின் குப்பைத்தொட்டி 30 நாளில் தன்னைத்தானே காலி செய்துகொண்டுவிடும். இல்லை. அவனிடம் மறுபடி அனுப்பச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சப்ஜெக்ட் இல்லாதவை, 'ஹாய் சார்', 'கிரீட்டிங்ஸ்' என்று வந்தவை, தள்ளிவிடத் தோன்றுகிற பத்து மெயிலையாவது திறந்து பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் எல்லோருக்கும் கதவு தட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன சட்டம்? ராமானுஜன் நன்றாக எழுதினார், சரி. படிக்க ஹார்டியும் வேண்டுமே.

போன ஞாயிறு அந்தப் பத்தை எடுக்க உட்கார்ந்தபோது, மேலே புதிதாக ஒன்று வந்திருந்தது. கம்பெனி பெயரில் இருந்துதான். சப்ஜெக்ட் இப்படி:

'மாமா, தை மாசம் நீங்க திறக்காத மெயில். மறுபடியும்.'

திறந்தேன்.